பதினேழு லிட்டர்

ஊருக்குப் போயிருக்கும் மனிதர் மாடியில் இருமக்கூடாது. முனீர் இருமினார்.

கீழே கடையில் பிரேமலா ரொட்டி சானாயைப் பிய்த்து டாலில் தோய்த்துக்கொண்டிருந்தாள். பிற்பகல் மூன்று மணி. சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் உள்ள தெப்ராவில் அந்த நேரத்துக்கு, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகளில் ஈ ஓட்டுவார்கள். பாசிர் கூடாங் போன ஃபேக்டரி பஸ்கள் திரும்பி வந்து ஆட்களை இறக்கிவிட்டால்தான் மேசைகள் நிரம்பும். கல்லாவில் இருந்த முனீரின் மனைவி ஜாஹிதா, இருமல் கேட்ட அதே நொடியில் ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தைக் கூட்டினாள். இதை அவள் பல வாரங்களாகச் செய்துவருகிறாள் என்பது அந்தக் கையின் வேகத்திலேயே தெரிந்தது.

வேறு யாராக இருந்தாலும் ஏமாந்திருப்பார்கள். ஆனால் பிரேமலா அரசாங்க மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். பத்து வருடமாக நெஞ்சு நோய் வார்டுதான் அவளுக்குக் கதி. கையைக் கிண்ணம் போல் குவித்துக்கொண்டு நோயாளிகளின் முதுகில் தட்டித் தட்டிச் சளியை இளக்கிவிடுவது அவள் வேலை. நாளெல்லாம் இருமலோடு புழங்குகிறவள். எந்த இருமலுக்குப் பின்னால் சளி வரும், எதற்குப் பின்னால் ஒன்றுமே வராது என்பது அவளுக்கு அத்துப்படி. இது ஒன்றும் வராத இருமல். வறட்டு இருமல், அதன் முடிவில் மூச்சுக்குத் தவிக்கும் ஓர் இழுப்பு.

"அக்கா, அண்ணன் ஊர்லேர்ந்து வந்துட்டாரா?"

"எங்கம்மா வர்றது! நிலத்துக் கேசு இழுத்துக்கிட்டே போவுது. கடையநல்லூர்லதான் கெடக்காரு."

"அப்ப மேல இருமறது யாரு?"

"அது டிவிலா."

டிவியில் ஒரு பெண்மணி சிரித்த முகத்தோடு கேக் மாவில் முட்டை உடைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள். பிரேமலா டிவியைப் பார்த்தாள், பிறகு ஜாஹிதாவைப் பார்த்தாள். ஜாஹிதா தலையைக் குனிந்துகொண்டாள். முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்தபோதுதான், கணவர் 'ஊருக்குப் போன' இந்தப் பதினொரு வாரமாக அந்த அம்மாள் சரியாகத் தூங்கவில்லை என்பது பிரேமலாவுக்கு உறைத்தது.

"சத்தம் போடாத, தங்கச்சி. அவருக்குப் பாத்தோக் கெரிங்."

காசநோய்க்கு மலாய்க்காரர்கள் சொல்லும் பெயர் அது. சாப்பாட்டுக் கடைக்காரர்கள் அந்தச் சொல்லை உரக்கச் சொல்லமாட்டார்கள். நாற்பது வருடத்துக்கு முன்னால் முனீரின் சின்னத்தா, அதாவது சித்தப்பா, குளுவாங்கில் கடை வைத்திருந்தார். அவருக்குக் காசம் வந்தது, ஆறு மாதம் மாத்திரை விழுங்கினார், நல்லபடியாகக் குணமும் ஆனது. ஆனால் அவர் கடைக்குப் போன கூட்டம் போனதுதான். இருபது மேசைக்கும் தினமும் துணி போட்டுத் துடைத்துவிட்டு, உட்கார ஆள் இல்லாமல் அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சிறுவயதில் முனீர் பார்த்திருக்கிறார். அதனால், தனக்கு இருமல் தொடங்கி இரண்டு மாதமாகியும் நிற்காதபோது, அவரும் மனைவியும் கதவைச் சாத்திக்கொண்டு தாங்களே தீர்ப்பு எழுதினார்கள். சளியைச் சோதிக்கவில்லை, ஒரு எக்ஸ்ரே எடுக்கவில்லை. சோதித்தால் சுகாதார இலாகாவுக்குத் தகவல் போகும், கடையை மூடச் சொல்வார்கள் என்ற பயம். ஆகவே முதலாளி ஊருக்குப் போய்விட்டார் என்று ஒரு பொய். மாடியில் கருஞ்சீரகமும் தேனும். மூன்று வேளையும் சாப்பாட்டுத் தட்டு கதவோரம் வைக்கப்படும், எடுக்கப்படும். கெட்டிக்காரத்தனமாகச் செய்த முட்டாள்தனம் என்றால் இதுதான்.

பிரேமலா கை கழுவிக்கொண்டு மாடியேறினாள்.

முனீர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, முன்னால் சாய்ந்திருந்தார். மூச்சுக்குப் போராடுகிறவர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அப்படித்தான் உட்காருவார்கள். கடையில் நின்று தே தாரேக் ஆற்றும்போது, ஒரு கை தலைக்கு மேலும் மறு கை தொடைக்குக் கீழும் இருக்க, நடுவில் தேநீர் ஒரு கயிறு போலத் தொங்கும். அந்த ஆளா இந்த ஆள் என்று அவளுக்குப் பகீரென்றது. சட்டைக்குள் ஆள் பாதியாகியிருந்தார். உதடு நாவற்பழம் தின்றவர் போல் இருந்தது.

"வா... ம்மா," என்றார். அதற்கே ஒரு மூச்சு செலவாயிற்று.

கோவிட் காலத்திலிருந்து பிரேமலாவின் கைப்பையில் ஒரு சின்னக் கருவி கிடக்கும். விரலில் மாட்டினால் இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும். முனீரின் விரலில் மாட்டினாள். எழுபத்தொன்பது.

"பேட்டரி வீக்கா இருக்கும்லா," என்றாள் ஜாஹிதா.

பிரேமலா அதைக் கழற்றி ஜாஹிதாவின் விரலில் மாட்டினாள். தொண்ணூற்றெட்டு. திரும்பவும் முனீருக்கு மாட்டினாள். எழுபத்தெட்டு. ஜாஹிதாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அந்தச் சமயம் பார்த்துக் கட்டிலில் கிடந்த கைப்பேசி அடித்தது. திரையில் ஆகில் என்று பெயர். ஒரே மகன், சிங்கப்பூரில் வேலை. முனீர் எடுத்தார். "ம்..." என்றார். அந்தப் பக்கம் அவன் ஏதேதோ சொன்னான். "சரி," என்றார். பிறகு, "வை."

"அவன்கிட்டயும் ஊர்ல இருக்காருன்னுதான் சொல்லியிருக்கோம்," என்றாள் ஜாஹிதா. "ரெண்டு வார்த்தைக்கு மேல இவரால பேச முடியல. அவன் என்ன நெனைக்கிறான் தெரியுமா? கடைய விட்டுட்டு சிங்கப்பூர் போனதுக்கு அத்தாவுக்கு இன்னும் கோபம், அதான் வெட்டி வெட்டிப் பேசறாருன்னு. போன மாசம் ஏங்கிட்ட அழுதான்."

முனீர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுத்துச் சொல்ல அவரிடம் மூச்சு இல்லை.

ஆம்புலன்ஸ் வேண்டாம், வாசலில் வந்து நின்றால் தெருவே பார்க்கும் என்று ஜாஹிதா கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டாள். தன் மைவி காரைப் பின்சந்துக்குக் கொண்டுவந்தாள் பிரேமலா. முகக்கவசமும் தொப்பியும் மாட்டி, படிக்குப் படி நின்று நின்று அவரை இறக்கினார்கள். பதினெட்டுப் படிக்கு ஒன்பது நிமிடம் ஆனது. காரில் ஏற்றும் நேரத்தில், பக்கத்து டயர் கடை ஜெயபாலன் சிகரெட் பிடிக்கச் சந்துக்கு வந்து தொலைத்தார்.

"அலமாக், முதலாளி! ஊர்லேர்ந்து எப்ப வந்தீங்க?"

"இப்பதான்," என்றாள் ஜாஹிதா. "செனாய் ஏர்ப்போர்ட்லேர்ந்து நேரா வர்றோம்."

"வந்த ஒடனே எங்க கெளம்புறீங்க?"

ஜாஹிதாவின் பொய்க் கையிருப்பு அத்தோடு தீர்ந்துபோனது. பிரேமலா கதவைச் சாத்திக் காரைக் கிளப்பினாள்.

நான்கு நாளில் விஷயம் தெரிந்துவிட்டது. மூன்று முறை சளி எடுத்துப் பார்த்தார்கள், காசக் கிருமி இல்லை. ஸ்கேன் எடுத்தார்கள். நெஞ்சு நோய் மருத்துவர் கமலநாதன் அந்தப் படத்தைத் திரையில் போட்டுவிட்டு, நாற்காலியை அதன் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். நுரையீரல் என்றால் படத்தில் கறுப்பாக இருக்க வேண்டும், காற்றின் நிறம் அதில் கறுப்பு. முனீரின் நெஞ்சில், நடைபாதையில் உடைந்த ஓடுகளை ஒழுங்கில்லாமல் பதித்து இடையில் சிமென்ட் பூசியது போல, இரண்டு பக்கமும் சாம்பலும் வெள்ளையும். குழாய் விட்டுக் கொஞ்சம் நீர் செலுத்தி, உறிஞ்சி எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே போனது தெளிந்த நீர். வெளியே வந்தது பால்.

"ஒங்களுக்குக் காசம் இல்ல, அண்ணே," என்றார் கமலநாதன். முனீர் கட்டிலில் ஆக்சிஜன் முகமூடியோடு இருந்தார். ஜாஹிதா கால்மாட்டில் நின்றாள். "யாருக்கும் ஒட்டாது. இது ரொம்ப அபூர்வமான ஒண்ணு. நம்ம நுரையீரல்ல முப்பது கோடி சின்னச் சின்னக் காத்துப் பை இருக்கு. பிரிச்சு விரிச்சா ஒரு பேட்மிண்டன் கோர்ட்டு அளவு வரும். அந்தப் பை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்காம இருக்க, ஒடம்பே ஒரு வழுவழுப்பான பொருளைச் சுரக்குது. பழசாகுறத அள்ளிட்டுப் போக அங்கேயே வேலையாளுங்களும் இருக்காங்க. ஒங்க ஒடம்பு எதையோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டு அந்த வேலையாளுங்க கையக் கட்டிப் போட்டுடுச்சு. குப்பை லாரி வரல. குப்பை சேர்ந்துடுச்சு. அவ்ளோதான்."

ஜாஹிதா சந்தோஷப்படுவாள் என்று பிரேமலா நினைத்தாள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்ப ஒட்டாதா?"

"ஒட்டாதும்மா."

"எண்பது நாளு டாக்டர். தட்டைக் கதவுகிட்ட வச்சிட்டு ஓடிடுவேன். ஒரு நாளு கையப் புடிச்சாரு, ஒதறிட்டு வந்துட்டேன்." குலுங்கிக் குலுங்கி அழுதாள். முனீர் முகமூடிக்குள்ளிருந்து கையை மட்டும் அசைத்து, விடு விடு என்றார்.

"மருந்து இருக்கா, டாக்டர்?" என்று பிரேமலாதான் கேட்டாள்.

"இந்த அளவுக்கு முத்தினதுக்கு மருந்து பத்தாது. கழுவணும்."

கழுவுவது என்றால் நிஜமாகவே கழுவுவது. ஆளை முழு மயக்கத்தில் ஆழ்த்தி, இரட்டைக் குழாயை மூச்சுப் பாதையில் இறக்கி, இரண்டு நுரையீரலையும் தனித்தனியாகப் பிரித்துவிடுவார்கள். இடது பக்கம் இயந்திரத்தின் உதவியில் மூச்சுவிடும். வலது பக்கத்தை உடம்புச் சூட்டில் இருக்கும் உப்புநீரால் நிரப்புவார்கள். நிரப்பி, முதுகிலும் விலாவிலும் தட்டி, உள்ளே படிந்ததைக் கலக்கி, வடித்துவிடுவார்கள். மறுபடி நிரப்புவார்கள். தெளிவாக வரும்வரை. கமலநாதன் கோலாலம்பூரில் பயிற்சியில் இருந்தபோது இரண்டு முறை உடனிருந்து செய்தவர். இந்த மருத்துவமனையில் இதுவே முதல் தடவை. தட்டுவதற்கு அவர் பிரேமலாவைக் கேட்டார்.

"தண்ணிக்குள்ள... மூச்சு... எப்படிம்மா?" என்று முனீர் அவளிடம் கேட்டார்.

எப்படி என்று அவளுக்கும் தெரியாது. ஒரு மனிதனைப் பாதி மூழ்கடித்து மீதிப் பாதியைக் காப்பாற்றுவதை அவள் பார்த்ததே இல்லை. ஆனாலும், "நான் உள்ள இருப்பேன்ணே. ஒண்ணும் ஆகாது," என்று சொல்லிவிட்டாள். மருத்துவமனையில் வேலை செய்கிறவர்கள் சொல்லவே கூடாத வாக்கியம் அது. கமலநாதன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உள்ளதை உள்ளபடி முனீரிடம் சொன்னார். மூச்சுவிடப்போகும் இடது பக்கமும் பாதி அடைத்துத்தான் இருக்கிறது. நான்கு மணி நேரம் அது தாங்குமா என்பதுதான் கேள்வி. தாங்காவிட்டால் பாதியில் நிறுத்த வேண்டும், நிறுத்தியும் பலனில்லாமல் போகலாம். செய்யாமல் விட்டாலோ, இன்னும் சில மாதம் இப்படியே.

முனீர் கையெழுத்துப் போட்டார். பிறகு கைப்பேசியைக் கேட்டார்.

மகனிடம் சொல்லிவிட்டுப் போக நினைத்திருக்கிறார். அவன் எடுத்ததும் முகமூடியை விலக்கிக்கொண்டு, "ஆகில்," என்றார். இருமல் வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார். "நாளைக்கு..." மறுபடி இருமல். வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பக்கம் அவன் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, "பரவால்ல அத்தா, பேச விருப்பம் இல்லன்னா விடுங்க, நான் வேலையில இருக்கேன்," என்று வைத்துவிட்டான். ஒலிபெருக்கியில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் ஜாஹிதா மகனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். விடிந்ததும் கிளம்பி வருகிறேன் என்றான்.

விடிந்தது. ஆகில் கிளம்பியும்விட்டான். ஆனால் காலையில் சிங்கப்பூர் எல்லைப் பாலத்தில் என்ன அவசரம் செல்லும்? அவன் சோதனைச் சாவடி வரிசையில் நின்றுகொண்டு, "உள்ள கொண்டு போயிட்டாங்களாம்மா?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டிருந்தபோதே முனீரின் கட்டிலை அறுவை அரங்குக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். மனைவி கையைப் பிடித்திருந்தாள், வாசல்வரை விடவில்லை. மகனுக்கு அத்தா கடைசியாகச் சொன்னது, இருமலை விலக்கிவிட்டுப் பார்த்தால், அவன் பெயரும் 'நாளைக்கு' என்ற ஒரு சொல்லும்தான். இந்தக் கணக்கைப் பிரேமலா முகக்கவசத்துக்குள் சுமந்துகொண்டு உள்ளே போனாள்.

முனீரை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்திருந்தார்கள். வலது விலா மேலே இருந்தது. தலைமாட்டில் மயக்க மருத்துவர் வாசுகி. அதிகம் பேசாதவர், திரையில் ஓடும் எண்களை விட்டுக் கண்ணை எடுக்காதவர். உயரத்தில் தொங்கிய பையிலிருந்து முதல் லிட்டர் இறங்க ஆரம்பித்தது.

பிரேமலா தட்டினாள். முதலில் வழக்கமான சத்தம்தான் கேட்டது. நீர் ஏற ஏற அவள் கைக்குக் கீழே சத்தம் மாறியது. வெறும் டிரம்மைத் தட்டிக்கொண்டிருந்தவளுக்கு, அது நிறைந்துகொண்டே வருவது உள்ளங்கையில் தெரிந்தது. கீழ் விலா மந்தமானது, பிறகு நடு விலா, பிறகு தோள்பட்டைக்குக் கீழே. இந்த மனிதரின் நெஞ்சுக்குள் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று அவள் விரலால் கோடு போட்டுக் காட்டியிருப்பாள். பத்து வருடம் தட்டியிருக்கிறாள், இப்படி ஒன்றை அவள் கை கேட்டதே இல்லை.

"வடிங்க," என்றார் கமலநாதன்.

தரையில் இருந்த கண்ணாடி ஜாடிக்குள் அது கொட்டியது. கெட்டிப் பால். டின்னைத் துளையிட்டு ஊற்றுவோமே, அந்த நிறம், அந்தக் கனம். ஒரு தாதி ஜாடியில் 'ஒன்று' என்று எழுதிச் சுவரோரம் வைத்தாள். இத்தனையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டா இந்த மனிதர் மாடியில் உட்கார்ந்து, கீழே வாடிக்கையாளருக்குக் கேட்டுவிடக்கூடாதே என்று இருமலை விழுங்கிக்கொண்டிருந்தார்? பிரேமலாவுக்குக் கண் கலங்கியது. துடைக்கக் கை ஒழியவில்லை.

இரண்டு, மூன்று, நான்கு. உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று தாதி ஒவ்வொரு முறையும் உரக்கச் சொன்னாள். ஐந்தாவது லிட்டரும் பால்தான். ஆறாவதை வடிக்கும்போது வாசுகி தலை நிமிர்ந்தார்.

"எறங்குது."

தொண்ணூறில் இருந்த ஆக்சிஜன் எண்பத்து நான்காக இருந்தது. ஜாடியில் கொட்டக் கொட்ட எண் இறங்கியது. எண்பது. எழுபத்தாறு. எழுபத்து மூன்று. இயந்திரத்தின் மணியோசை அடித்தொண்டைக்கு மாறியது. இதுவரைக்கும் இடது பக்கம் இழுத்துப் பிடித்திருந்தது, இப்போது கைவிடப் பார்க்கிறது என்றுதான் பிரேமலாவுக்குத் தோன்றியது. 'ஒண்ணும் ஆகாது' என்று தான் சொன்னது காதுக்குள் ஒலித்தது. கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"நிறுத்திடலாமா, கமல்?" என்றார் வாசுகி.

"அடுத்தது ஊத்துங்க," என்றார் கமலநாதன்.

பிரேமலாவுக்கு அவர் மேல் கோபமே வந்தது. மூழ்குகிறவன் தலையில் இன்னும் ஒரு வாளி ஊற்றச் சொல்கிறாரே! ஏழாவது லிட்டர் இறங்கியது. நீர் ஏறியது. திரையில் எழுபத்து மூன்று எழுபத்தைந்தானது. எண்பது. எண்பத்தாறு. நெஞ்சின் பாதி தளும்பத் தளும்ப நிறைந்து நின்றபோது, எண் தொண்ணூற்றொன்றில் வந்து உட்கார்ந்தது.

அவள் வாயைப் பிளந்துகொண்டு கமலநாதனைப் பார்த்தாள்.

"தண்ணி நெறைஞ்சா அந்தப் பக்கம் அழுத்தம் கூடும், ரத்தம் உள்ள போகமுடியாது," என்றார் அவர். அவருக்கும் வேர்த்திருந்தது. "எல்லா ரத்தமும் மூச்சுவிடுற பக்கத்துக்குத் திரும்பிடும். அதனால ஏறுது. வடிச்சா, காத்தில்லாத பக்கத்துக்கும் ரத்தம் ஓடி வெறுங்கையோட திரும்பி வரும். அதனால எறங்குது. பயம் வடிக்கிறப்பதான். தட்டுங்க, பிரேமலா, நிறுத்தாதீங்க."

அவள் தட்டினாள். இதைப் புத்தகத்தில் படித்திருந்தால், அப்படியா என்று பக்கத்தைத் திருப்பியிருப்பாள். இப்போது கண்ணெதிரே நடக்கிறது. நிரப்பினால் பிழைக்கிறார், வடித்தால் தத்தளிக்கிறார். இவரை மயக்கத்தில் போட்டிருக்கிறோம், இவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் உள்ளே ஓடும் இரத்தம் ஒரு பக்கக் கதவு அடைத்ததும் மறு பக்கக் கதவைத் தேடிப் போகிறது. யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த நிமிடத்தில் பிரேமலாவுக்கு உண்டானது பயமா பக்தியா என்று அவளுக்கே தெரியாது. கோவிலில்கூட அவளுக்கு உடம்பு இப்படிச் சிலிர்த்ததில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு வடிப்பும் ஒரு கண்டம். ஒவ்வொரு நிரப்பலும் ஒரு மீட்சி. எண் இறங்கும்போது நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், ஏறும்போது விடுவார்கள். ஒன்பதாவது ஜாடி அரிசி கழுவிய முதல் தண்ணீர் போல் இருந்தது. பதினொன்றாவது, இரண்டாம் தண்ணீர். வடிக்கும்போது இறங்கும் எண் எழுபத்தாறில் நின்றது, அடுத்த முறை எண்பதில் நின்றது. பிரேமலாவின் தோள்பட்டை கழன்றுவிடும் போல் வலித்தது. மாற்றிவிட ஆள் வேண்டுமா என்று தாதி கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினாள். வேண்டாம்.

பதினான்கு, இளநீர். பதினைந்து, பதினாறு. பதினேழாவது ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள் தாதி. அதற்குப் பின்னால் இருந்த அவள் கட்டைவிரலின் ரேகை இந்தப் பக்கம் தெரிந்தது.

சுவரோரம் பதினேழு ஜாடிகள் வரிசையாக நின்றன. அந்தக் கோடியில் பால், இந்தக் கோடியில் நீர். ஒரு மனிதனுக்கு மூச்சு திரும்பி வந்த வழி அது. கமலநாதன் கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்து பார்த்தார். அதிகம் பேசாத வாசுகி, "அல்லாவும் முருகனும் சேர்ந்து வேலை பார்த்திருக்காங்க," என்றார். மணி ஒன்றே முக்கால்.

வெளியே வந்தபோது ஜாஹிதாவுக்குப் பக்கத்தில், தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றாமல் ஓர் இளைஞன் நின்றுகொண்டிருந்தான். அப்படியே முனீரின் மூக்கு. பிரேமலாவின் முகத்தை அவன் படித்துப் பார்த்தான். கேட்கப் பயந்தான்.

"முடிஞ்சுது. இன்னும் தூக்கத்துல இருக்காரு," என்றாள். அதற்கு மேல் வாக்குக் கொடுக்கவில்லை. ஒரு தடவை கொடுத்ததே போதும்.

அன்று மாலை குழாயை எடுத்தார்கள். மறுநாள் காலை பத்து மணிக்குப் பிரேமலா மூச்சுப் பயிற்சி கொடுக்கப் போனாள். முனீர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகமூடி போய், மூக்கில் ஒரு மெல்லிய குழாய் மட்டும். உதட்டில் சிவப்பு திரும்பியிருந்தது. தொண்டை வலி, பேசவேண்டாம் என்று தாதி சொல்லியிருந்தாளாம். ஜாஹிதா ஒரு பக்கம், ஆகில் ஒரு பக்கம். மகனுக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அத்தாவின் கோபம் என்று இத்தனை நாள் தான் நினைத்தது மூச்சில்லாமை என்று தெரிந்தபிறகு, அந்தக் கட்டிலின் இரும்புக் கம்பியைத்தான் அவன் பிடித்துக்கொண்டிருந்தான், கையைப் பிடிக்கவில்லை.

பிரேமலா ஸ்டெதாஸ்கோப்பை முனீரின் முதுகில் வைத்தாள். இடது பக்கம் பழைய கதைதான், காகிதம் கசங்குவது போல. அதை இரண்டு வாரம் கழித்துக் கழுவுவார்கள். நோய் திரும்பவும் வரலாம், அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ மறுபடி கழுவ வேண்டியிருக்கலாம் என்றும் கமலநாதன் சொல்லியிருந்தார். வலது பக்கத்துக்கு நகர்த்தினாள். ஜாஹிதாவைக் கூப்பிட்டு அவள் காதில் மாட்டிவிட்டாள்.

"இழுத்து விடுங்கண்ணே."

ஜாஹிதா கேட்டாள். முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். காற்று உள்ளே போனது, அடிவரைக்கும் போனது, திரும்பி வந்தது. அவள் கருவியைக் கழற்றிவிட்டு, பிரேமலாவும் மகனும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கணவனின் முதுகில் வெறும் காதை வைத்துக்கொண்டாள். எடுக்கவில்லை.

முனீர் மகனைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"ஏண்டா, ஒரு போன் போட்டா வேலைய அப்படியே போட்டுட்டு ஓடியாந்துடுவியா, அங்க ஒன் மேனேஜர் சும்மா இருப்பானா, சொல்லிட்டு வந்தியா இல்லையா, இங்க நீயும் ஒங்கம்மாவும் ஆளுக்கொரு பக்கம் நின்னா கடைய யாரு பாக்குறா, டாலுக்கு உப்பு போட்டானுங்களான்னு கேட்டியா, மூஞ்சி ஏன் இப்படிக் கருத்துக் கெடக்கு, நேத்துலேர்ந்து ஏதாச்சும் சாப்புட்டியா நீ?"

எங்கும் நிற்கவில்லை. குரல் கரகரத்தது, ஆனால் அறுபடவில்லை. முதலாளிகள் திட்டுவது போல, ஒரே மூச்சில், ஆரம்பத்திலிருந்து முடிவுவரைக்கும்.

பிரேமலாவின் கை வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. ஜாஹிதா முதுகிலிருந்து தலையை எடுக்காமலே அழுதாள், சிரித்தாள். ஆகில் கட்டில் கம்பியை விட்டுவிட்டு, மண்டியிட்டு உட்கார்ந்து, அத்தாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"இன்னும் கொஞ்சம் திட்டுங்கத்தா," என்றான்.

முனீர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, மறுபடி ஆரம்பித்தார்.